கரிச்சி பறிக்காத காளான்

கரிச்சி அழுதுகொண்டு வருவாள் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். நாளைக் காலைக்குள் வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிட்டார்கள். ஊர் முழுக்க ‘விஷக்காரி’ என்று பெயராகிவிட்டது. அழாமல் வேறென்ன செய்வாள்? ஆனால் அன்று காலை கேப்டன் தேச்சம்மாவின் வீட்டுப் படியேறியபோது அவள் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மற்றபடி உடம்பெல்லாம் ஈரம்தான். கக்கட மாதத்துக் குடகு மழை, தலையில் மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணியை எல்லாம் மதிக்காது.

“கேப்டனம்மா, நான் போகமாட்டேன்,” என்றாள் வாசலிலேயே நின்று. “போலீஸ் வரட்டும், போலீஸோட அப்பன் வரட்டும். போகமாட்டேன்.”

“உள்ள வா கரிச்சி. முதல்ல தலையைத் துவட்டு.”

“துவட்டறது அப்புறம். நான் விஷம் குடுத்தேனா இல்லையா? நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நான் சொன்னா இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் காது கேக்காது.”

தேச்சம்மா ராணுவ ஆஸ்பத்திரிகளில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்து, கேப்டனாக ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்பி மிளகுக்கொடி பார்த்துக்கொண்டிருப்பவள். மிளகு மூட்டை திருட்டுப் போனாலும் சரி, உயில் காணாமல் போனாலும் சரி, இந்தப் பக்கத்து ஜனங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அதற்கும் சேர்த்து சத்தம் போட ஜீப் டிரைவர் சுபைர் இருந்தான். துப்பு துலக்குகிற வேலை என்றால் நல்ல சவாரியையும் விட்டுவிட்டு ஓடி வருவான். அன்றும் கரிச்சிக்கு முன்பே வந்து காப்பியோடு உட்கார்ந்திருந்தான்.

“எனக்கு எல்லாம் தெரியும் கேப்டனம்மா,” என்றான். “உத்தப்பா எஸ்டேட் பீமய்யாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதே நான்தான். வழியெல்லாம் வாந்தி. நல்ல வேளை, வெறும் தண்ணி. ஒரு வாளி ஊத்தினேன், ஜீப் பளிச்னு ஆயிடுச்சு. சாக்ஸுல இருந்த ரத்தம்தான் சீட்டுல ஒட்டிக்கிட்டுப் போகமாட்டேங்குது. அட்டைக்கடி ரத்தம் சீக்கிரம் காயுமா?”

“நீ கொஞ்சம் சும்மா இரு. கரிச்சி, நீ சொல்லு. முதல்லேர்ந்து.”

கரிச்சி சொன்னாள். முந்தின நாள் கக்கடப் பதினெட்டு. நமக்கு ஆடிப்பெருக்கு, இங்கே மருந்துப் பாயச நாள். காட்டுத் தழை ஒன்றை வேகவைத்துச் சாறெடுத்தால் நாவல்பழ நிறத்தில் வரும். அதில் அரிசியும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பாயசம் வைக்காத குடகு வீடு கிடையாது. அதோடு காளான் கறி, கடம்புட்டு என்கிற அரிசி உருண்டை. உத்தப்பா எஸ்டேட்டின் பெரிய வீட்டுக்கு வருஷாவருஷம் அன்றைக்குக் காளான் கொண்டுபோய்க் கொடுப்பவள் கரிச்சிதான். இருபத்தெட்டு வருஷமாக அதே எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறாள். அங்கேயே லைன் வீட்டில் இருக்கிறாள்.

நேற்றும் கொடுத்தாள். உத்தப்பாவின் மனைவி நீலம்மா அதைச் சமைத்தாள். கணவனும் மனைவியும் பகல் ஒரு மணிக்குச் சாப்பிட்டார்கள். எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மகன் பீமய்யாவுக்கு அவனுடைய ஆபீஸ் அறைக்குத் தூக்குக் கேரியரில் போயிற்று. இரண்டரை மணிக்கு பீமய்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரிய வீட்டு முற்றத்தில் வந்து விழுந்தான். சமைத்தது போக மிச்சமிருந்த காளான் கூடை பின்கட்டில் இருந்தது. அதைக் கொட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு வெள்ளைக் காளான், விஷக்காளான்.

“உத்தப்பா ஐயா போன்ல எஸ்டேட் கணக்கெழுதுற ரைட்டர்கிட்ட சொன்னாராம், அவளை வீட்டைவிட்டுத் துரத்துன்னு. பீமய்யா இன்னொண்ணும் சேர்த்துச் சொன்னாராம், இனிமே சாமிக்கு விட்ட தேவர்காட்டுக்குள்ள ஒருத்தரும் காளான் பறிக்கப் போகக்கூடாதுன்னு.”

“அதையுமா சொன்னான்?” என்றாள் தேச்சம்மா.

“ஆமா. பெரிய ஈட்டி மரத்தடியில இருக்கிற புத்துல இன்னும் மூணு நாள்ல காளான் வெடிக்கும், அதையும் கொண்டாறேன்னு நேத்துதான் நீலம்மாகிட்ட சொன்னேன். பீமய்யாவும் அங்கதான் காப்பி குடிச்சிட்டிருந்தாரு. இப்ப அந்தப் புத்தும் போச்சு.”

“உன் கூடையில தெரியாம ஒண்ணு கலந்திருக்காதா? மனுஷிதானே நீயும்.”

அவ்வளவுதான். கரிச்சிக்கு மூக்கு விடைத்துக்கொண்டது. கொங்காணிக்குள்ளிருந்து ஒரு பையை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். காலையில் வரும் வழியில் பறித்தவை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள்.

“இதோ, இது புத்துக்காளான். மண்டை நடுவுல கூரா ஒரு மூக்கு. அடியில மடிப்பெல்லாம் லேசா ரோஸ். தண்டு புத்துக்குள்ள முழ ஆழம் போகும். தின்னா ஆட்டுக்கறி தோத்துடும். இந்த மஞ்சள் இருக்கே, இது விஷமில்ல. ஆனா எதுக்கு? பழைய செருப்பை மெல்றதும் இதைத் தின்றதும் ஒண்ணுதான். இந்தச் சின்னது வயித்தைக் கலக்கும், ஆளைக் கொல்லாது. அப்புறம் ஒண்ணு இருக்கு. வெள்ளையா, கழுத்துல பாவாடை, காலடியில கிண்ணம். பார்த்தா லட்சணமா இருக்கும். அதைப் பார்த்தா நான் கைகூட வைக்கமாட்டேன். எங்க சின்னம்மா அதைத் தின்னா. அன்னைக்கு ராத்திரி வரைக்கும் பாட்டுப் பாடிட்டிருந்தா. விடிஞ்சப்பதான் வாந்தி ஆரம்பிச்சது. நாலாம் நாள் போய்ட்டா. அப்ப எனக்கு ஒன்பது வயசு. அதுலேர்ந்து இதுவரைக்கும் நான் தப்பா ஒண்ணு பறிச்சதில்ல கேப்டனம்மா. இந்த ஒரு விஷயத்துல எனக்கு மேல யாரும் கிடையாது. நான் பெருமைக்குச் சொல்றேன்னே வச்சுக்கங்க!”

“பெருமைதான்,” என்றாள் தேச்சம்மா. எழுந்து குடையை எடுத்தாள். “சுபைர், ஜீப்பை எடு. எங்களை ஆஸ்பத்திரியில விட்டுட்டு நீ தேவர்காட்டுக்குப் போ. அந்தப் பெரிய ஈட்டி மரத்தடியில காளான் வெடிச்சிருக்கான்னு பார்த்துட்டு வா.”

“காளானா? நான் ரைட்டர் மேல சந்தேகப்பட்டு வச்சிருக்கேனே! அவனுக்கும் பீமய்யாவுக்கும் ஆகாது. அதை விசாரிக்க வேணாமா?”

“அட்டைக்கு உப்பு எடுத்துக்கிட்டுப் போ,” என்றாள் தேச்சம்மா.

தாலுக்கா ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் மூன்று பேரும் இருந்தார்கள். காளான் கறி சாப்பிட்ட யாரும் வீட்டில் இருக்கக் கூடாது என்று நேற்று மாலையே உத்தப்பாவையும் நீலம்மாவையும் வரவழைத்துப் படுக்கவைத்துவிட்டார் டாக்டர் ராத்தோட். ராஜஸ்தான்காரர். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நல்ல மனிதர், அதனால்தான் தொல்லை.

வார்டுக்குள் நுழையும்போதே உத்தப்பாவின் குரல் கூரையைத் தூக்கியது. “எழுபத்திரண்டு கக்கடம் பார்த்தவன்யா நான்! எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்கு விடு!”

டாக்டர் தேச்சம்மாவிடம் ஓடிவந்தார். “மேடம், நீங்க நர்ஸா இருந்தவங்க, நீங்களாவது சொல்லுங்க. காலையில மூணு பேர்கிட்டயும் சிறுநீர் வாங்கினேன். இவருக்கும் இந்தம்மாவுக்கும் ரத்தம் மாதிரி சிவப்பு! கிட்னி போயிட்டிருக்குன்னு அர்த்தம். கேட்டா பாயசம்ங்கறாங்க. பாயசத்துல இப்படி ஆகுமா? மைசூர்லேர்ந்து ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நான் விடமாட்டேன். அந்தப் பையன் மட்டும் பரவாயில்ல. சுத்தமா, வைக்கோல் நிறம். அவனை மத்தியானம் அனுப்பிடலாம்.”

நீலம்மா போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள். “இதையெல்லாமா வெளியில பேசுவாங்க,” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

தேச்சம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டாள். “பயப்படாதீங்க டாக்டர். நேத்து மருந்துப் பாயசம் குடிச்சவங்க யாரா இருந்தாலும் இன்னைக்குச் சிவப்புதான். நானும்தான். உடம்புல மருந்து சேர்ந்துச்சுன்னு எங்க ஆளுங்களுக்கு அதுல ஒரு சந்தோஷம். உங்க நர்ஸைக் கேளுங்க.” கதவருகே நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

அதற்குள் உத்தப்பா கரிச்சியைப் பார்த்துவிட்டார். “இவளை எதுக்குக் கூட்டிட்டு வந்த தேச்சு? என் வீட்டு உப்பைத் தின்னுட்டு என் பிள்ளைக்கே விஷம் வச்சவ!”

“உப்பு ரேஷன் கடையில வாங்கினது ஐயா. உங்களது இல்ல,” என்றாள் கரிச்சி.

“பார்த்தியா வாயை!”

“உத்தப்பண்ணா, கொஞ்சம் பொறுங்க. நாலு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன்,” என்ற தேச்சம்மா, கடைசிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் பக்கம் திரும்பினாள். பீமய்யாவுக்கு முப்பத்தைந்து வயது. மைசூர் ஹாஸ்டலில் வளர்ந்தவன். சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தான். “நேத்து என்னப்பா சாப்பிட்ட?”

“பெரியம்மா அனுப்பினது எல்லாம்தான். கடம்புட்டு, காளான் கறி, பாயசம்.”

“பாயசமும் குடிச்சியா?”

“கக்கடப் பதினெட்டுக்குப் பாயசம் குடிக்காம இருப்பனா அத்தை? ரெண்டு டம்ளர் குடிச்சேன். கேரியரைப் பாருங்க, காலி.”

“நாள் முழுக்க எங்க இருந்த?”

“ஆபீஸ் ரூம்லதான். இந்த மழையில எவன் வெளிய போவான்?”

நீலம்மா போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். “கறியில வெள்ளிக்காசு போட்டுத்தான் தேச்சு சமைச்சேன். காசு கறுக்கவே இல்ல. அப்புறம் எப்படி விஷம்?”

“வெள்ளிக்கு என்னம்மா தெரியும்?” என்றாள் கரிச்சி. “கொல்ற காளான்ல போட்டாலும் அது வெள்ளையாத்தான் இருக்கும். காசைப் பார்க்காதீங்க, காளானைப் பாருங்க.”

“நல்ல யோசனை,” என்றாள் தேச்சம்மா. “அந்தக் காளான் எங்க?”

பீமய்யாவே எடுத்துக் கொடுத்தான். போலீஸுக்குக் காட்டவேண்டும் என்று பத்திரமாக ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருந்தான். தேச்சம்மா அதை வாங்கி அப்படியே கரிச்சியிடம் நீட்டினாள். “பார்த்துச் சொல்லு.”

“குற்றவாளிகிட்டயே சாட்சியைக் குடுக்கறீங்களே!” என்று பீமய்யா எழுந்தான்.

“இந்த வார்டுல இதைப் பத்தித் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். உட்காரு.”

கரிச்சி பாட்டிலைத் திறந்தாள். காளானைக் கையால் தொடாமல், டாக்டரிடம் ஒரு இடுக்கி கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கழுத்தில் பாவாடை. காலடியில் முழுசாகக் கிண்ணம். அவள் முகம் ஒரு கணம் சுருங்கிப் போயிற்று. பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“ஐயா, இது நான் பறிச்சதில்ல. பறிக்கத் தெரிஞ்ச எவளும் பறிச்சதில்ல. நாங்க காளானை அடியோட பிடுங்கமாட்டோம். மூங்கில் பத்தையால தரையோட அறுத்துட்டு, வேரைப் புத்துக்குள்ளயே விட்டு, மேல ஈர இலையைப் போட்டு மூடிட்டு வருவோம். பிடுங்கினா அடுத்த வருஷம் புத்து வெடிக்காது. நேத்து நான் குடுத்ததுல ஒண்ணுக்காவது அடி இருந்துச்சா? நீலம்மா, நீங்களே சொல்லுங்க.”

நீலம்மா யோசித்தாள். “இல்ல. இவ குடுக்கறது எப்பவும் சீவி வச்ச மாதிரிதான் இருக்கும். மண்ணுகூட இருக்காது.”

“இதுல மண்ணும் இருக்கு,” என்றாள் கரிச்சி. இடுக்கியைத் திருப்பினாள். கிண்ணத்தின் ஈரத்தில் கருஞ்சிவப்பாக ஏதோ பொடி அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. “மண்ணில்ல கேப்டனம்மா. மரத்தூள். ஈட்டி மரத்தூள். ரம்பத்துல அறுத்த வாசனை இன்னும் போகல.”

உத்தப்பா போர்வையை உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்ன உளர்ற?” என்றார் உத்தப்பா. “என் எஸ்டேட்ல ஈட்டி மரமே கிடையாது. தேவர்காட்டுல மட்டும்தான் இருக்கு. அங்க காய்ஞ்ச சுள்ளியைக்கூட ஒருத்தன் ஒடிக்கமாட்டான். அது சாமி மரம்!”

“ஒடிக்கக் கூடாதுதான் அண்ணா,” என்றாள் தேச்சம்மா. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இப்ப நான் சொல்றேன், கேளுங்க. காலையில கரிச்சி வந்து சொன்னதுமே எனக்கு ஒண்ணு இடிச்சது. இந்தக் கிண்ணக் காளான் தின்ன உடனே ஆளைப் படுக்க வைக்காது. ஆறு மணி நேரம், பத்து மணி நேரம்கூட எதுவும் தெரியாது. அப்புறம்தான் ஆரம்பிக்கும், ஆரம்பிச்சா விடாது. டாக்டர், சரிதானே?”

“சரிதான் மேடம்.”

“பீமய்யாவுக்கோ ஒன்றரை மணி நேரத்துல வாந்தி. மறுநாள் காலையில சட்டை மாத்திக்கிட்டுக் கிளம்பறான். அப்படின்னா அவனைப் படுக்க வச்சது இந்தக் காளான் இல்ல.”

“அப்போ வேற எதாவது இருந்திருக்கும்,” என்றான் பீமய்யா. “சின்ன விஷக்காளான் ஏதாவது. கறியில கலந்து போயிருக்கும். எனக்கென்ன தெரியும்?”

“இருக்கலாம். அதனாலதான் நீ கறியைச் சாப்பிட்டியான்னு பார்க்க வேண்டியிருந்தது.” தேச்சம்மாவின் குரல் அதே நிதானத்தில்தான் இருந்தது. “உத்தப்பண்ணாவும் நீலக்காவும் பாயசம் குடிச்சாங்க, இன்னைக்குச் சிவப்பு. நீ ரெண்டு டம்ளர் குடிச்சேன்னு சொல்ற. உன்னோடது வைக்கோல் நிறம். டாக்டர் இந்த ஊருக்குப் புதுசு, அதனால சிவப்பைப் பார்த்துப் பயந்தார். நம்ம ஆளுங்களுக்குச் சிவப்பு பழகிப்போச்சு, அதனால யாரும் திரும்பிப் பார்க்கல. இன்னைக்குக் குடகுல மஞ்சளா இருக்கறதுதான்டா அதிசயம்!”

“எல்லாத்தையும் வாந்தி எடுத்துட்டேனே அத்தை! உடம்புல எப்படிச் சேரும்?”

“வந்திருந்தா அதுவும் நாவல்பழ நிறத்துல வந்திருக்கணும். அந்தக் கறை பட்டா வேட்டியைத் தூக்கித்தான் போடணும். சுபைர் ஒரு வாளித் தண்ணி ஊத்தினதும் ஜீப் பளிச்னு ஆயிடுச்சாம். உன் வயித்துலேர்ந்து வந்தது, வாந்தி வரணும்னு நீயே குடிச்ச உப்புத்தண்ணி. பாயசம் குடிக்கல, கறி தின்னல, கேரியரை நீ திறக்கவே இல்ல. அப்படியே பன்னித் தொட்டியில கவுத்திருப்ப.”

உத்தப்பா கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். “ஏண்டா? நல்ல நாளும் அதுவுமா சாப்பாட்டைக் கொட்டிட்டு எங்கடா போன?”

“அதை அவன் காலைக் கேளுங்க,” என்றாள் தேச்சம்மா. “நாள் முழுக்க ஆபீஸ் ரூம்ல இருந்தவன் சாக்ஸெல்லாம் அட்டைக்கடி ரத்தம். சிமென்ட் தரையில ஏது அட்டை? கக்கடப் பதினெட்டு அன்னைக்கு ஊர்ல எல்லாரும் இலைக்கு முன்னால உட்கார்ந்திருப்பாங்க. தேவர்காட்டுப் பக்கம் ஒரு ஈ காக்கா போகாது. லட்சக்கணக்குல விலை போற ஈட்டி மரத்தை அறுத்து வண்டியேத்த அதைவிட நல்ல வேளை எப்ப கிடைக்கும்? ஆனா கரிச்சி காலையில வந்து, மூணு நாள்ல அந்த மரத்தடிக்கே போவேன்னு சொல்லிட்டா. அவ போனா அங்க மரம் இருக்காது, அடிக்கட்டைதான் இருக்கும். அதனால அவளும் போகக்கூடாது, வேற எவளும் போகக்கூடாது. அதுக்கு ஒரு விஷம் வேணும். மரத்தடியில இது நின்னுட்டிருந்தது. விஷம்னு பார்த்ததும் தெரியணும், அதனால கிண்ணத்தோட பிடுங்கின. பின்கட்டு வழியா வந்து அதைக் கூடையில போட்டுட்டுத்தான் முற்றத்துல வந்து விழுந்த. தெரியாம பறிக்கிறவளும் அறுத்துத்தான் எடுப்பா பீமய்யா. கிண்ணம் வேணும்னு நினைச்சவன்தான் பிடுங்குவான். வருஷாவருஷம் காளானைத் தின்ன, ஒரு நாளாவது அதைப் பறிக்கிறதைப் பார்த்திருக்கியா?”

“கதை!” என்றான் பீமய்யா. “எல்லாம் கதை. மரத்தை எவன் பார்த்தான்?”

“நான் பார்த்தேன்!” என்று வாசலில் ஒரு குரல். சுபைர் நின்றிருந்தான். முழங்கால்வரை சேறு, இரண்டு காலிலும் ரத்தக் கோடுகள். “கேப்டனம்மா, காளான் இல்ல, மரமே இல்ல! நாலு பேர் கைகோத்தாலும் எட்டாத மரம், இப்ப அடிக்கட்டைதான் வட்டமா ஒரு மேடை மாதிரி நிக்குது. சுத்தி மரத்தூள். போட்டோ எடுத்துட்டேன். ஃபாரஸ்ட் ஆபீசுக்கும் சொல்லிட்டேன், ரேஞ்சர் கிளம்பிட்டாரு. அப்பவே நான் சொன்னேன்ல, ரைட்டர் இல்ல, பீமய்யாதான்னு!”

“எப்படா சொன்ன?” என்றாள் தேச்சம்மா.

“மனசுல சொன்னேன்.”

உத்தப்பா போனை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தக் காட்டின் சாமிக்கு வருஷாவருஷம் முதல் தேங்காய் உடைப்பது அவர் கைதான். “வெளிய போடா,” என்றார் தம்பி மகனிடம். அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். “ரேஞ்சர் வர்ற வரைக்கும் வெளிய நில்லு. என் கண்ணு முன்னால நிக்காதே.” பீமய்யா போனான். சுபைர் அவன் பின்னாலேயே போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

உத்தப்பா கட்டிலில் உட்கார்ந்தார். கரிச்சியை நேராகப் பார்க்க அவரால் முடியவில்லை. “சரி, போ. வீட்டுக்குப் போ. நடந்தது நடந்துபோச்சு. நான் இருக்கிற வரைக்கும் உன்னை ஒருத்தரும் கிளப்பமாட்டாங்க.”

கரிச்சி நகரவில்லை.

“நீங்க இருக்கிற வரைக்கும்னா ஐயா, அப்புறம்?”

“என்னது?”

“உங்களுக்கு எழுபத்திரண்டு. எனக்கு நாப்பத்தஞ்சு. உங்க ஆயுசோட என் வீட்டை ஏன் கட்டி வைக்கிறீங்க? நேத்து வரைக்கும் நீங்க நல்லாத்தான் இருந்தீங்க. நேத்துதான் என்னைத் துரத்தவும் சொன்னீங்க. எழுதிக் குடுங்க. வீடும் வீடு நிக்கிற அஞ்சு சென்ட்டும் கரிச்சியோடதுன்னு.”

“கரிச்சி!” என்றாள் நீலம்மா, பதறிப்போய்.

“திங்கட்கிழமை ரைட்டரைக் கூப்பிட்டுப் பேசிக்கலாம்,” என்றார் உத்தப்பா.

“வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்றதுக்குத் திங்கட்கிழமை வரைக்கும் நீங்க காத்திருக்கலையே ஐயா. நான் இங்கதான் உட்காரப் போறேன்.” சொன்னபடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நனைந்த புடவையிலிருந்து சிமென்ட் தரையில் தண்ணீர் ஓடியது. டாக்டர் தேச்சம்மாவைப் பார்த்தார். தேச்சம்மா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் துப்பறியும் வேலை முடிந்துவிட்டது. இது கரிச்சியின் வழக்கு.

கால்மணி நேரம் போயிற்று. கடைசியில் உத்தப்பா டாக்டரிடம் காகிதமும் பேனாவும் கேட்டார். முழங்காலில் வைத்து எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். கரிச்சி அதை வாங்கித் தேச்சம்மாவிடம் கொடுத்தாள். “எனக்குப் படிக்கத் தெரியாது. சத்தமா படிங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

தேச்சம்மா படித்தாள். “என் எஸ்டேட்டில் வேலை செய்யும் கரிச்சி என்பவளுக்கு, கருணை கூர்ந்து, அவள் குடியிருக்கும் வீட்டையும், வீடு இருக்கும் ஐந்து சென்ட் நிலத்தையும் இன்று முதல் அவளுக்கே சொந்தமாக…”

“நிறுத்துங்க,” என்றாள் கரிச்சி. “நடுவுல என்ன சொன்னீங்க?”

“கருணை கூர்ந்து.”

“அதை அடிக்கச் சொல்லுங்க. இருபத்தெட்டு வருஷம் அவர் காப்பியைப் பறிச்சிருக்கேன்.”

தேச்சம்மா காகிதத்தை உத்தப்பாவிடம் திருப்பி நீட்டினாள். அவர் அந்த இரண்டு சொற்களின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.